ஆறாம் அத்தியாயத்து அப்பா

மார்ச் 4

மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கட்டு நேற்று வந்தது. மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தாய்: 'போன் எடுக்க மாட்டேன். பேசினால் சிரித்தே தப்பித்துவிடுவீர்கள். எதுவானாலும் எழுதுங்கள்.' போன மாதம் புத்தகம் போடுகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்ததற்கு இது தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன். பரவாயில்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அந்த வகுப்பில் என் அளவுக்கு அனுபவம் யாருக்கும் கிடையாது.

உன் வாழ்க்கையை நீயே எழுதியிருக்கிறாய், அதில் ஆறாம் அத்தியாயம் நான். ஆள் உயிரோடு இருப்பதால் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம் பதிப்பகத்துக்கு. செத்திருந்தால் உனக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. கவனக்குறைவு, மன்னித்துக்கொள்.

படித்தேன். உன் அம்மாவுக்கும் முதல் சில பக்கங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாலாவது பக்கத்தில் தூங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அந்தப் பக்கத்தில் மழை மட்டும்தான் பெய்கிறது. 'அப்பாவின் கைகளில் இரும்பின் சோகம் மணத்தது' என்று ஒரு வரி. இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன், கையில் மணத்தது கிரீஸ். அப்புறம் அதைக் கழுவிய துணி சோப்பு. சோகம் எந்த டப்பாவில் வரும் என்று நான் ஸ்டோரில் கேட்டதில்லை. 'மௌனம்' பதினேழு இடத்தில் இருக்கிறது, பென்சிலால் சுழித்து எண்ணினேன். நம் வீட்டில் மௌனமா? உன் அம்மாவை வைத்துக்கொண்டா?

இந்த அழகில் நீ எழுத்துப் பட்டறை வேறு நடத்துகிறாய். முப்பது பேர் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்களாம். பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ.

அதெல்லாம் உன் பாடு. பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். பதினாலு வயதில் நீ எழுதிய கட்டுரைக்குப் பரிசு வந்தது. இந்த வயதில் இப்படி எழுத முடியாது, எங்கோ பார்த்து எழுதியது என்றார் தலைமையாசிரியை. வீட்டில் அவளே உட்கார்ந்து எழுதினாள், நான் பார்த்தேன் என்று அப்பாவோ அம்மாவோ நாலு மணிக்கு வந்து சொன்னால் போதும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. நான் வருவதாகச் சொன்னேன், வரவில்லை. 'அந்நேரம் அப்பா சீட்டாடிக்கொண்டிருந்தார்' என்று முடித்திருக்கிறாய்.

நான் சீட்டாடவில்லை. சீட்டு என்று அன்றைக்கு வீட்டில் சொன்னது நான்தான், ஆனால் அது பொய். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டான் என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் பொய்யைக் காப்பாற்ற அதற்கப்புறம்தான் சீட்டே கற்றுக்கொண்டேன். இன்னும் சரியாக வராது.

மாற்றி எழுது. அதுவரை கையெழுத்து கிடையாது.

அப்பா

மார்ச் 9

அப்பா,

இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு சாக்கு கொண்டுவந்திருக்கிறீர்கள். இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு இன்னும் கொஞ்சம் நல்லதாக யோசித்திருக்கலாம்.

லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். நீச்சல் வாத்தியார் கிணற்றில் விழுந்தார். பல் டாக்டருக்குப் பல்வலி. என் வகுப்பில் யாராவது இதை எழுதிக் கொண்டுவந்தால் முதல் வரியோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பொருத்தம் இவ்வளவு கச்சிதமாக இருந்தால் ஆள் உட்கார்ந்து ஜோடித்திருக்கிறார் என்று அர்த்தம். நடந்ததாகவே இருக்கட்டும், நடந்துவிட்டது என்பதற்காக யாரும் நம்பிவிட மாட்டார்கள். நம்ப வைப்பது எழுதுகிறவர் வேலை.

சோகத்தை எடுத்துவிட்டேன். மௌனத்தில் பன்னிரண்டை எடுத்துவிட்டேன். அதனால் நீங்கள் விமர்சகர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பதினோராம் பக்கம் மாற வேண்டுமென்றால் எழுதிக் காட்டுங்கள். அந்த மத்தியானம், ஒரே ஒரு பக்கம். வகுப்பில் முதல் நாள் கொடுக்கிற தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். நம்பினால் மாற்றுகிறேன். ஏப்ரல் 25 அன்று அச்சுக்குப் போகிறது.

மகள்

மார்ச் 17

எழுத்தாளரம்மாவுக்கு,

உன் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தேன். 'கண்ணால் பார்த்ததை எழுது. காதால் கேட்டதை எழுது. மூக்கால் முகர்ந்ததை எழுது.' இது எழுத்தாளருக்கா, மோப்ப நாய்க்கா? 'உன்னை நல்லவனாகக் காட்டுவதற்காக எழுதாதே.' வேறு எதற்கம்மா ஒரு மனுஷன் தாளையும் பேனாவையும் தேடி எடுப்பான்? 'எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, அங்கேயே நில்.' எங்கள் தொழிலில் கை தயங்கினால் ஷாக் அடித்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நின்றவன் எவனும் வீட்டுக்குத் திரும்பியதில்லை.

'வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் நடக்காததைச் சேர்க்கக் கூடாது. கதை எழுதுகிறவர் நடந்தது என்று சாக்குச் சொல்லக் கூடாது.' இது ஒன்றுதான் உருப்படி. நீயே எழுதினாயா, இல்லை எங்காவது பார்த்து எழுதினாயா? சும்மா கேட்டேன்.

இதோ என் பக்கம். மூன்று நாள் எடுத்தது. உன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. நீ நம்பிய பிறகு அவளிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

'அன்று வானம் கறுத்திருந்தது. ஏழு மாடிக் கட்டிடம் அரக்கனைப் போல் நிமிர்ந்து நின்றது. பழுதை நீக்கிவிட்டு லிஃப்ட்டில் ஏறினேன். அந்தோ! விதி தன் கோர முகத்தைக் காட்டியது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. இருள்! காரிருள்! என் மகளே, என் மகளே என்று தந்தையுள்ளம் கதறியது. விதியை வெல்ல யாரால் முடியும்? ஆறரை மணிக்குக் காவலாளி கதவைத் திறந்தபோது என் கண்ணீர் ஆறாகப் பெருகி ஓடியது. விதி சிரித்தது.'

எப்படி? கடைசி வரியை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்பா

மார்ச் 22

அப்பா,

வானம் கறுத்திருக்கவில்லை. நல்ல வெயில். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றது நான், எனக்குத் தெரியும்.

விதி மூன்று தடவை வருகிறது. எல்லாவற்றையும் விதியே செய்திருந்தால் நீங்கள் எதற்கு அந்தப் பக்கத்தில்? கண்ணீர் ஆறாக ஓடியதாம். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது உங்கள் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா சீட்டாட்டம்தான், நேரம் போனதே தெரியல" என்றீர்கள். கதறிய உள்ளம் அவ்வளவு சீக்கிரம் தேறிவிட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரு பொருள்கூட இல்லை. ஒரு ஆள் இல்லை. பழைய நாடகத் திரையை வாடகைக்கு எடுத்து முன்னால் நின்றிருக்கிறீர்கள். என் மாணவர்களில் மிக மோசமான ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், எல்லாவற்றையும் 'இனிய நினைவலை' என்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

'எங்காவது பார்த்து எழுதினாயா.' அதை எழுதினீர்கள். அடிக்கக்கூட இல்லை. சும்மா கேட்டேன் என்று வேறு சேர்த்தீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. எல்லா லிஃப்ட்டிலும் அவசர மணிக்கு ஒரு பொத்தான் இருக்கும். உங்கள் பக்கத்தில் அது எங்கே? நீங்கள் சொல்வது உண்மை என்றால், நீங்கள் மாட்டிக்கொண்டதிலிருந்து ஆறரை வரை அந்த மணி என்ன செய்துகொண்டிருந்தது?

மகள்

மார்ச் 28

மகளுக்கு,

அந்த வரி விளையாட்டுக்கு. வாய் முந்திக்கொண்டது. கையால் எழுதும்போது வாய் எப்படி முந்தும் என்று கேட்பாய். எனக்கு முந்தும்.

மணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பழைய கட்டிடம். மணி வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம், லிஃப்ட் ஓடுகிற அந்த ஷாஃப்டில் எலி உண்டு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

உன் அம்மாவுக்கு முட்டி வலி. டாக்டர் படி ஏறக் கூடாது என்கிறார். நாம் இருப்பதோ தரைத் தளம், அவள் எந்தப் படியை ஏறப்போகிறாள் என்று கேட்டேன், முறைத்தாள். மற்றபடி எல்லாரும் சுகம். உன் புத்தகத்தின் அட்டை என்ன நிறம்?

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

இருந்திருக்கலாம். கடித்திருக்கலாம். யாருக்கு ஞாபகம் இருக்கும். அந்த லிஃப்ட்டுக்கு மெக்கானிக் நீங்கள். மணி அடிக்குமா அடிக்காதா என்பது அந்தக் கட்டிடத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். எலியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

என் பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். நீங்கள் சுழித்த எதுவும் இதில் இல்லை.

'தலைமையாசிரியை அறையில் மூன்று நாற்காலி. ஒன்று அவருக்கு, ஒன்று தமிழாசிரியருக்கு, ஒன்று அப்பாவுக்கு. நான் நின்றேன். நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை. "யாரும் வரலையேம்மா" என்றார் தலைமையாசிரியை. ஒரு தாளைக் கொடுத்து, "இந்தக் கட்டுரையை நான் பார்த்து எழுதினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று வேறு தாள் கொடுத்தார். மறுபடியும் எழுதினேன். அப்பாவின் நாற்காலியைத் தமிழாசிரியர் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டார்.'

இவ்வளவுதான். எதையும் கூட்டவில்லை. உங்களுடையதை இதே மாதிரி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் சீட்டாட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். கையெழுத்து போடாவிட்டால் உங்கள் பெயரையும் தொழிலையும் மாற்றிப் போட்டுக்கொள்வேன். உங்களைத் தையல்காரர் ஆக்கிவிடலாம்.

மகள்

ஏப்ரல் 9

மகளுக்கு,

நாலு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

வெயில்தான். நீ சொன்னது சரி.

நாலாவது மாடிக் கதவு சரியாக மூடாமல் லிஃப்ட் நடுநடுவே நிற்கிறது என்று புகார். மத்தியானம் போனேன். கீழே 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டினேன். கதவில் ஒரு சின்ன காண்டாக்ட் இருக்கும், கட்டைவிரல் நகம் அளவு, அது சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். அதை மாற்றினேன். மணி இரண்டே முக்கால். பள்ளிக்கூடம் அங்கிருந்து பத்து நிமிட நடை. மாற்றுச் சட்டை கொண்டுபோயிருந்தேன், தலைமையாசிரியை முன்னால் கிரீஸோடு நிற்கக் கூடாது என்று.

அன்றைக்குக் கட்டிட மேனேஜர் அறையில் இன்னொரு கம்பெனி மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் அவர் பெயர் பவுடர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு முகத்துக்குப் பவுடர் போடுகிற ஒரே மனிதர். அந்தக் கட்டிடத்தை எங்கள் கம்பெனியிடமிருந்து பிடுங்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணே, இன்னும் இதுக்குத் தைலம்தான் தடவிட்டு இருக்கீங்களா?" என்றார். மேனேஜர் சிரித்தார். "நான் கை வெச்ச வண்டி நடுவுல நிக்காது தம்பி. நின்னா மீசைய எடுத்துடறேன்" என்றேன்.

சரிபார்க்க ஓட்டும்போது மேலே மெஷின் ரூமில் ஒரு ஆள் இருக்க வேண்டும். தனியாக ஏறக் கூடாது. அவசரம், ஏறினேன். கருவிப் பை மேலேயே இருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது. காண்டாக்டைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

இருள் எல்லாம் இல்லை. விளக்கு எரிந்தது. ஃபேன் ஓடியது. ஒரு பக்கம் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி.

மணி வேலை செய்தது. வேலை தொடங்கும் முன் நானே அழுத்திப் பார்த்திருந்தேன். காவலாளி மேசைக்கு மேலே அடிக்கும். ஏழு மாடிக்கும் கேட்கும். பவுடருக்கும் கேட்கும்.

அவர் கிளம்பட்டும், அப்புறம் அழுத்தலாம் என்று இருந்தேன். மூன்று மணிக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். மூன்றரைக்கு நினைத்தேன். மூன்று ஐம்பதுக்குப் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அப்போது மாடிப்படியில் பேச்சுச் சத்தம். "லிஃப்ட் இன்னும் ரெடியாகல போல, நடந்தே போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார் மேனேஜர். "நடுவுல நின்னுருக்கும் சார்" என்று பவுடர் சிரித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதவுதான். விரலை எடுத்துவிட்டேன். அவர்கள் தாண்டிப் போகும்வரை மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

நாலு மணி ஆனதை வாட்சில் பார்த்தேன். மறந்துபோகவில்லை. நீ அந்த அறையில் நிற்கிறாய் என்று தெரியும். நாலே காலுக்கும் பார்த்தேன். அவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இனிமேல் அழுத்தி என்ன ஆகப்போகிறது என்று நாலேகாலுக்கே நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாலே முக்கால் வரை காத்திருந்தார்கள் என்று உன் பக்கத்தைப் படித்த பிறகுதான் தெரியும்.

ஆறேகாலுக்கு "வரேன் சார்" என்று அவர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பத்து வரை எண்ணிவிட்டு மணியை அழுத்தினேன். காவலாளி மேலே மெஷின் ரூமுக்கு ஏறி, நான் கத்திச் சொல்லச் சொல்லச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஆறு நிமிடத்தில் வெளியே வந்தேன்.

வேலை போயிருக்குமா என்று கேட்பாய். போயிருக்காது. சிரித்திருப்பார்கள். இரண்டு மாதம் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

சீட்டாடுகிறவனை எல்லாரும் திட்டுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால்தான் வீட்டில் அப்படிச் சொன்னேன்.

அந்தக் கட்டுரையை நீ எழுதியதை நான் பார்த்தேன். மூன்று நாள், சாப்பாட்டு மேசையில். முதல் வரியை மட்டும் ஒன்பது தடவை அடித்தாய். போய் இதைச் சொல்லியிருந்தால் போதும்.

அப்பா

ஏப்ரல் 15

அப்பா,

நம்புகிறேன். நம்பாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சீட்டாட்டக்கார அப்பாவை வெறுத்துப் பழகிவிட்டேன். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், அதில் எல்லாவற்றையும் மறந்துவிடுவார், என்னையும் மறந்துவிட்டார். அப்படித்தான் பதினாலு பக்கம் எழுதினேன். நீங்கள் அனுப்பியிருக்கிற ஆள் எதையும் மறக்கவில்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, வாட்சைப் பார்க்கிறார். இவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பவுடர் போட்ட ஆளுக்காகவா அப்பா?

அந்தத் தாளை நான் பல வருஷமாக எல்லாருக்கும் கொடுக்கிறேன். சொன்னதை அப்படியே செய்தவர் இதுவரை யாரும் இல்லை, நான் உட்பட. உங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது. அந்தக் கட்டைவிரல் நகம் என் ஆறாம் அத்தியாயம் மொத்தத்துக்கும் மேல். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சீட்டாட்டத்தை எடுத்துவிட்டேன், பொய் என்று தெரிந்து போட முடியாது. இனி இரண்டு வழி. 'அப்பா வரவில்லை' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடலாம். அதில் பொய் இல்லை, யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். இல்லையென்றால் உங்கள் பக்கத்தையே போடலாம், மணி, கண்ணாடி, மீசை, பவுடர் எல்லாவற்றோடும், உங்கள் பெயரில்.

நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்காக என்று எதையும் செய்ய வேண்டாம். மன்னிக்கிறேனா என்று கேட்கவும் வேண்டாம், அதற்கு வேறு புத்தகம் எழுத வேண்டும்.

மகள்

ஏப்ரல் 20

மகளுக்கு,

உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இத்தனை வருஷமா சீட்டு சீட்டுன்னு நான் திட்டினதெல்லாம் வேஸ்ட்டா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "புள்ளைய அங்க நிக்க வெச்சிட்டு, உள்ள ஃபேன் காத்து வாங்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். மூன்று நாளாகப் பேச்சில்லை. சமையல் நான்தான். அதை அவள் சாப்பிடுவதே பெரிய தண்டனை, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

'அப்பா வரவில்லை' என்று நிறுத்திவிடலாம் என்றாய். மரியாதையான வழி. படித்ததும் அப்பாடா என்று இருந்தது. அதற்கே சம்மதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் பெட்டி வரை போய்விட்டேன். உறையில் பாதி பெட்டிக்குள்ளே. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இவ்வளவு நேரமும் நான் உன்னை நினைக்கவில்லை. பவுடர் இந்தப் புத்தகத்தைப் படித்துவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்து நாலு வயதில்.

உறையை வெளியே இழுத்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மாள், "போடறீங்களா, எடுக்கறீங்களா?" என்று கேட்டார். "எடுக்கறேம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் போடு. மணி வேலை செய்தது என்ற வரியை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதே. தப்பும் பிழையும் இருந்தால் திருத்து, ஆனால் என்னை அழகாக்காதே, அதில் உன் கை கொஞ்சம் தாராளம். என் பெயரை இனிஷியலோடு போடு, அதே பெயரில் இன்னொரு மெக்கானிக் இருக்கிறார், அவர் மேல் பழி விழ வேண்டாம். கையெழுத்துப் போட்ட புதுத் தாள் உள்ளே இருக்கிறது.

பவுடர் நன்றாக இருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், இன்னும் போடுகிறார். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவருக்கு அனுப்பு. விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டு வைத்து அனுப்பு. அவர் தேடிப் படிக்கிற ஆள் இல்லை.

அப்பா